ஒரு நாள் பிந்திய நாய்கள்

"மார்ச் 9, ஞாயிறு. இன்று செய்த தவறு: நாற்பத்தொரு தடுப்பூசி அட்டைகளில் 'செல்லுபடியாகும் கடைசி நாள்' என்ற கட்டத்தில் நேற்றைய தேதி விழுந்துவிட்டது. சிறிய தவறுதான். நாளைய வேலை: யாராவது கவனித்தார்களா என்று கவனிப்பது."

நாய்களைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் காலை முதல் அந்த அட்டைகளுக்குரிய முப்பத்தெட்டு நாய்களும் ஒரு நாள் பிந்தி வாழத் தொடங்கின. நாற்பத்தொன்றில் மீதி மூன்றும் பூனைகள். ஆனால் அவை பிந்தினவா இல்லையா என்பதைக் கடைசிவரை யாராலும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் போனாலும் அவை அதற்கு முன்பும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

தவறு செய்தவள் பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். மாலையில் ஆவணப் பராமரிப்பு வகுப்புக்குப் போனாள். வகுப்பில் அவளை ஒயிட்னர் என்றுதான் கூப்பிட்டார்கள். எழுதிய வரியைவிட வெள்ளை பூசி அழித்த வரி அவள் தாளில் அதிகம். தினமும் ஒரு தவறையும் மறுநாள் செய்யவேண்டிய ஒரு வேலையையும் நாட்குறிப்பில் எழுதும்படி வகுப்பாசிரியர் முதல் வாரத்தில் சொன்னார். மற்றவர்கள் அதை அடுத்த வாரமே மறந்தார்கள், ஆசிரியர் உட்பட. ஒயிட்னர் மட்டும் எட்டு மாதமாக விடாமல் எழுதினாள். தவறே நடக்காத நாளில், ஏதோ ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறோம் என்பதையே அன்றைய தவறாக எழுதினாள். வளர்ப்புப் பிராணிகளுக்கு இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம் நடத்த வந்த கால்நடை மருத்துவர், பதிவேடு எழுத ஒழுங்கான ஆள் ஒருவர் வேண்டும் என்று கேட்டபோது ஆசிரியர் யோசிக்காமல் அவளைக் கைகாட்டினார். அவளை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்துவது அவருக்குச் சிரமமாக இருந்தது என்பதும் ஒரு காரணம்.

முகாம் நூலகத்துச் சைக்கிள் கொட்டகையில் நடந்தது. நெரிசலில் கை தடுமாறிவிடக்கூடாது என்று பயந்த ஒயிட்னர், சனிக்கிழமை மாலையே உட்கார்ந்து நாற்பத்தொரு அட்டைகளில் முன்கூட்டியே தேதி முத்திரை குத்தி வைத்தாள். முத்திரையில் நாளுக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, வருஷத்துக்கு ஒன்று என மூன்று சக்கரங்கள். வருஷச் சக்கரத்தை ஒரு பல் முன்னே தள்ளியிருக்க வேண்டும். அவள் நேராக விழுகிறதா, மை பரவுகிறதா, கட்டத்துக்குள் அடங்குகிறதா என்று மூன்று முறை சரிபார்த்தாள். தேதியைப் பார்க்கவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஊசி போட்டுக்கொண்ட நாற்பத்தொரு பிராணிகளின் அட்டையும் அதற்கு முந்தைய நாளே காலாவதியாகியிருந்தது. நாற்பத்திரண்டாவது அட்டையைக் கையால் எழுதும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் முதல் நாற்பத்தொருவரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை தபால்காரர் தெருவுக்குள் வந்தபோது ஒரு நாயும் குரைக்கவில்லை. பதினாறு வருஷ வேலையில் அப்படியொரு நாளை அவர் கண்டதில்லை; இரண்டு தபால்களை வீடு மாற்றிப் போட்டுவிட்டுப் போனார். செவ்வாய்க்கிழமை அவருக்கு விடுப்பு. அன்று பதினொன்று ஐந்துக்குத் தெருமுனை வீட்டு நாய் காலியான சாலையைப் பார்த்துக் குரைக்க, அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று குரைப்பு ஒரு ஆள் நடக்கும் வேகத்தில் தெருவின் மறுமுனைவரை போய், தபால் மாறிய இரண்டு வீடுகளில் சற்று நின்று, திரும்பியது. புதன்கிழமை மழை பெய்தது. நாய்கள் நனையாமல் முற்றத்தில் படுத்திருந்தன. வியாழக்கிழமை பட்டை உரிக்கும் வெயிலில் முப்பத்தெட்டு நாய்களும் தொப்பலாக நனைந்து, கொடியில் காய்ந்த துணிகளின் மேல் உடம்பை உதறின. இன்று வைத்த சாப்பாட்டை நாளை அதே நேரத்துக்குத் தின்றன. விருந்தாளிகள் வந்தபோது தூங்கின. அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு காலியான சோபாவை நக்கின.

வீட்டில் நேற்று நடந்ததற்கெல்லாம் இப்படி ஒரு சாட்சி முளைத்தது. அதன் விளைவுகள் ஊர் தாங்கக்கூடியவையாக இல்லை. ஒயிட்னர் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். அங்கே இருந்த நாயின் அட்டை எண் பதினேழு. அக்காவின் கணவருக்குச் சர்க்கரை. இனிப்பைத் தொட்டு இரண்டு மாதம் ஆகிறது என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் நாய் ஃப்ரிட்ஜ் முன்னால் போய் உட்கார்ந்து, வாயைத் திறந்து, வாலை ஆட்டியது.

"நேத்து மூணேகாலுக்கு ஃப்ரிட்ஜைத் திறந்தது யாருங்க?" என்றாள் அக்கா.

"அது சும்மா உக்காந்திருக்கு."

"சும்மா உக்காந்தா மேல பாத்து வாலை ஆட்டுமா? உங்க உயரத்துக்குத்தான் பாக்குது."

"ஏன், உன் தங்கச்சியா இருக்கக் கூடாதா?"

"அவளைப் பாக்குறதுக்கு அது தலையையே தூக்க வேண்டாம்."

ஒயிட்னர் அன்றைய நாட்குறிப்பில் தன் உயரத்தையே ஒரு தவறாக எழுதலாமா என்று யோசித்தாள். பிறகு எழுதினாள்: "தவறு: மாமா மாட்டிக்கொண்டதற்கு நான்தான் காரணம் என்று சொல்லவில்லை. என் ஒரு முத்திரைக்கு முப்பத்தெட்டு நாய்களின் நேரத்தை மாற்றும் சக்தி இருக்கிறது என்று நினைப்பது தலைக்கனமாகவும் இருக்கலாம். அப்படியென்றால் அதுதான் இன்றைய தவறு." இப்படியே இரண்டு வாரம் அவள் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தாள். சந்தேகப்படுவதில் அவளுக்கு நல்ல பயிற்சி இருந்தது.

ஊருக்குச் சந்தேகமே இல்லை. ஊசிதான் காரணம் என்று முதல் வாரத்திலேயே முடிவாகிவிட்டது. தெருச் சங்கத் தலைவரான பேக்கரிக்காரர் தன் இரண்டு நாய்களையும் முதல் முகாமுக்குக் கொண்டுவரவில்லை; அது தன் முன்யோசனை என்று இப்போது சொல்லிக்கொண்டார். உண்மையில் அன்று அவர் தூங்கிவிட்டார். "இன்னைக்குத் திருடன் வந்தா நாளைக்குக் குரைக்கும். அதுக்கு நாய் எதுக்கு? நானே குரைச்சிட்டுப் போறேன்" என்றார். இரண்டாவது முகாம் மார்ச் முப்பதாம் தேதிக்குக் குறிக்கப்பட்டிருந்தது. ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

மருத்துவர் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பகுதியில் முந்நூறு நாய்கள். பத்துக்கு ஏழு வீதம் ஊசி போட்டால்தான் நோய் பரவ வழியில்லாமல் நிற்கும். அதாவது இருநூற்றுப் பத்து. முதல் முகாமில் அறுபதுதான் ஆகியிருந்தது. இன்னும் நூற்றைம்பது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெறிபிடித்த நாய் ஒன்று இரண்டு பேரைக் கடித்துவிட்டது. அவர்கள் உடனே காயத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதால் தப்பித்தார்கள். வாய்க்காலில் அப்போது முழங்கால் அளவுத் தண்ணீர்தான். நாய்க்கு அது ஒரு பொருட்டில்லை. "வந்துட்டா மருந்து கிடையாதும்மா. வர்றதுக்கு முன்னாடி மட்டும்தான் நம்மால ஏதாவது செய்ய முடியும்" என்று மருத்துவர் சொன்னபோது ஒயிட்னர் பதிவேட்டின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அவள் வகுப்புக்குப் போகாமல் அக்கா வீட்டு நாயின் அட்டையை எடுத்து, தவறான தேதியின் மேல் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் சரியான தேதியை அடுத்த வருஷத்துக்கு எழுதி, தன் கையெழுத்தைப் போட்டாள். வெள்ளை பூசவில்லை, ஆவணத்தில் அழித்தல் கூடாது, அடித்துத்தான் எழுத வேண்டும் என்பது வகுப்பில் அவள் ஒருத்தி மட்டும் குறித்துக்கொண்ட விதி. படுத்திருந்த நாய் துள்ளி எழுந்தது. நடுவில் விடுபட்டிருந்த ஒரு நாளை ஐந்து நிமிஷத்தில் வாழ்ந்து முடித்தது: தபால்காரரைப் பார்த்துக் குரைத்தது, இரண்டு வேளைச் சாப்பாட்டைத் தின்றது, பதினாலு மணி நேரத் தூக்கத்தை ஒரே கொட்டாவியில் தீர்த்தது, பிறகு அவளை, இன்றைய அவளை, பார்த்து வாலாட்டியது. ஒயிட்னருக்கு அழுகை வந்தது. தன் மீது இருந்த சந்தேகங்களில் ஒன்றாவது தீர்ந்ததே என்ற நிம்மதி அது.

மறுநாள் மருத்துவரிடம் சொன்னாள். மருத்துவர் முழுவதையும் கேட்டார்.

"ஊசி வேலை செய்யுதுல்ல?"

"செய்யுது மேடம். அட்டைதான் தப்பு."

"ரெண்டு வாரமாச் சொல்லாம என்ன பண்ணிட்டிருந்த?"

"டைரியில எழுதிட்டிருந்தேன்."

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். "சரி. திருத்தம்னா ரெண்டு கையெழுத்து. உன்னோடது ஒண்ணு, என்னோடது ஒண்ணு. நான் ஒவ்வொரு வீட்டுக்காரர் பேருக்கும் கையெழுத்துப் போட்டுச் சீட்டு எழுதித் தரேன். வீடு வீடா நீயே போ. நான் போனா ஊசியில ஏதோ இருக்குன்னுதான் பேசுவாங்க. நீ போனா உன்னைத் திட்டுவாங்க. உன்னைத் திட்டினா நாய்க்கு நல்லது."

ஆகவே ஒயிட்னர் வரிசை எண்படி, ஒன்றிலிருந்து தொடங்கி, வீடு வீடாகப் போய்த் தன் தவறைச் சொன்னாள். தெருவாரியாகப் போயிருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும். எண்படி போனதால் ஒரே தெருவுக்குள் ஏழு முறை நுழைந்தாள். திட்டினார்கள். முகம் தெரிந்துபோனதும் சிரித்தார்கள். "நல்லவேளை, நீ பொறந்த தேதி எழுதுற ஆபீஸ்ல இல்ல" என்றார் ஒருவர். கணவனின் ஒவ்வொரு மத்தியானத்தையும் நாய் மூலம் தெரிந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, திருத்தம் வேண்டாம் என்று அட்டையைப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அந்தக் கணவர் சமையலறை வழியாக வந்து அதை ஒயிட்னரிடம் சேர்த்தார். பேக்கரிக்காரர் தன் கடை வாசலில் அவளை நிறுத்தினார். "நாப்பத்தொண்ணும் சரியாகட்டும். ஒண்ணு பாக்கி இருந்தாலும் ஞாயித்துக்கிழமை என் நாய் வராது. நான் வரலைன்னா இந்தத் தெருவுல யாரும் வரமாட்டாங்க, தெரியும்ல?" அது உண்மை. அவரிடம் நியாயம் அதிகம் இல்லை, செல்வாக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாற்பது முடிந்தது. நாற்பத்தொன்றாவது, சாவிக்காரர் வீடு. அவர் மாற்றுச் சாவி செய்து தருபவர். பேக்கரிக்கு இரண்டு கடை தள்ளி, ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு ஒரு கடை வைத்திருந்தார். அவர் முந்தைய நாள் நான்கு மணிக்கு, பின்னறைக் கட்டிலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்துபோயிருந்தார். காலையிலேயே எல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பியிருந்தார்கள். ஒயிட்னர் போனபோது மணி மூன்று இருபது. சாவிக்காரரின் மனைவி கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். நாய் கட்டிலின் விளிம்பில் தாடையை வைத்துக் கண்ணை மூடியிருந்தது. அதன் இரண்டு காதுகளுக்கும் நடுவில் இருந்த ரோமம் ஒரு கை அளவுக்கு அமுங்கி, எழுந்து, மறுபடி அமுங்கியது.

ஒயிட்னர் வாசலிலேயே நின்றாள். வாயில் இருந்த மன்னிப்பு நாற்பது வீட்டில் சொல்லித் தேய்ந்திருந்தது. அதை இங்கே எடுக்க முடியவில்லை.

"உள்ள வாம்மா. அவருக்கு இன்னும் நேரமிருக்கு" என்றார் அந்த அம்மா.

"அத்தை, நான் அந்த அட்டைக்காக..."

"தெரியும். தெருவே பேசுது. திருத்தினா என்ன ஆகும்?"

"இன்னைக்கு வந்திரும்."

"திருத்தலைன்னா?"

ஒயிட்னர் கடிகாரத்தைப் பார்த்தாள். சாவிக்காரரின் மனைவி பார்க்கவில்லை.

"நாலு மணிக்கு அது பாக்கும்" என்றார் அவர். "நான் ஒரு தடவை பாத்தாச்சு. அது பாக்க வேண்டாம்மா. ரெண்டும் வேண்டாம். உன் முத்திரையில போன வருஷம் இருக்கா?"

இருந்தது. பன்னிரண்டு வருஷங்கள் வரிசையாக ஒரு சக்கரத்தில் இருந்தன. ஒரு பல் பின்னால் தள்ளினால் போன வருஷம். ஒயிட்னர் தன் வாழ்நாளில் தெரிந்தே ஒரு தேதியைத் தவறாக எழுதியதில்லை. தெரியாமல் எழுதியவற்றுக்கே அவளிடம் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் நிறைந்திருந்தன. இந்த ஒரு அட்டையைச் சரிசெய்யாவிட்டால் பேக்கரிக்காரர் வரமாட்டார். தெரு வராது. வாய்க்காலில் முழங்கால் அளவுத் தண்ணீர். மருத்துவர் கொடுத்த சீட்டில் 'சரியான தேதிக்குத் திருத்தப்பட்டது' என்று தெளிவாக எழுதியிருந்தது. அதை இதற்குப் பயன்படுத்தினால் அது வேறு ஒரு குற்றம். அவள் மூன்று முப்பத்தைந்துவரை யோசித்தாள். மூன்று நாற்பதுக்கு எதிர்த்தரப்பையும் யோசித்தாள். மூன்று ஐம்பதுக்கு நாயின் மூச்சு வேகமானது. அது கட்டிலிலிருந்து தாடையை எடுத்து, மேலே ஒரு முகத்தைப் பார்த்தது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஒயிட்னர் முத்திரையைக் குத்தினாள். மார்ச் எட்டு, போன வருஷம். தன் கையெழுத்தை மட்டும் போட்டாள். அவசரத்தில் அது கட்டத்தைத் தாண்டி வெளியே போனது.

நாயின் தலையில் அமுங்கியிருந்த ரோமம் நிமிர்ந்தது. அது எழுந்தது, உடம்பைச் சிலிர்த்தது, வேலைக்கு நேரமாகிவிட்ட ஆளைப் போல வாசல் தாண்டித் தெருவில் இறங்கி ஓடியது.

"கடைக்குப் போகுது" என்றார் சாவிக்காரரின் மனைவி. "இந்நேரத்துக்கு அவர் கடையிலதான இருப்பாரு." பிறகு அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அன்று முதன்முறையாக, சத்தமாக அழுதார். மணி நான்கானதை இருவரும் கவனிக்கவில்லை.

ஒயிட்னர் நேராக மருத்துவரிடம் போய், தன்னை முகாமிலிருந்து நீக்கிவிடும்படி எழுத்தில் கேட்டாள். மருத்துவர் கடிதத்தைப் படித்தார். அதில் ஒரு தேதிப் பிழை இருந்ததைச் சுட்டிக்காட்டித் திருப்பிக் கொடுத்தார். "நாய் உடம்புல ஊசி இருக்கு. ரெஜிஸ்டர்ல சரியான தேதி இருக்கு. அட்டை அவங்க வீட்டு அலமாரியில இருக்கிற சாமான். அதுல அவங்க என்ன வச்சுக்கணுமோ வச்சுக்கட்டும்" என்றார். "ஆனா ஞாயித்துக்கிழமை தெருவுக்கு நீ பதில் சொல்லிக்கோ."

ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகையில் மேசை போட்டாயிற்று. ஊசி மருந்து ஐஸ் பெட்டியில் இருந்தது. நூற்றறுபது அட்டைகள் இருந்தன, ஒன்றிலும் முன்கூட்டி முத்திரை இல்லை. ஒரு நாயும் இல்லை. தெருக்காரர்கள் எதிர்ச்சாரியில், பேக்கரி வாசலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நாய்களை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒயிட்னர் சாலையைக் கடந்து போய், ஒரு தாளைப் பார்த்துப் படித்தாள். நாற்பது அட்டைகள் திருத்தப்பட்டன. ஒன்று திருத்தப்படவில்லை, அது இன்னும் அதிகத் தவறாக ஆக்கப்பட்டது, அதைச் செய்தது தான்தான், இந்த முறை தெரிந்தே செய்தது.

"அப்ப முடிஞ்சுது. நாப்பத்தொண்ணுன்னுதான சொன்னேன்" என்றார் பேக்கரிக்காரர்.

எட்டரை மணிக்குச் சாவிக்காரரின் நாய் தெருமுனையில் திரும்பியது. அதற்கு அன்று போன வருஷத்து ஒரு வேலைநாள். யாரோ ஒருவருடைய இடது காலை ஒட்டி, அவர் நடையின் அளவுக்குத் தன் நடையை மட்டுப்படுத்திக்கொண்டு வந்தது. நடைபாதையில் நின்றவர்கள், யாரும் சொல்லாமலே, ஒரு நாய்க்கு வேண்டிய இடத்தைவிட அதிகமாக வழிவிட்டார்கள். பேக்கரி வாசலில் நாய் நின்றது. உட்கார்ந்தது. நீளமான பேச்சு என்பது அதற்குத் தெரிந்திருந்தது. முன்னங்கால்களை நீட்டித் தலையைச் சாய்த்துக்கொண்டது. பேக்கரிக்காரர் நாயைப் பார்க்கவில்லை, நாய்க்கு மேலே, ஐந்தரை அடி உயரத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார்.

"தினமும் இங்க நின்னுதான் பேசுவாரு," என்றார். "வியாபாரத்தைக் கெடுக்கிறீரேன்னு திட்டுவேன்."

அவர் கையில் இருந்த துணியால் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். நாய் எழுந்து, கொட்டாவி விட்டு, இரண்டு கடை தள்ளி நடந்து, இறங்கியிருந்த ஷட்டரில் மூக்கு முட்டி நின்றது. அது அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே பேக்கரிக்காரர் கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குள் போய், தன் இரண்டு நாய்களையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு வந்து, மேசை முன்னால் நிறுத்தினார். "தேதியைப் பாத்துக் குத்தும்மா" என்றார்.

அன்று நூற்றைம்பத்தேழு நாய்களுக்கு ஊசி போடப்பட்டது. நோய் வாய்க்காலைத் தாண்டவில்லை. அந்த வருஷமும் தாண்டவில்லை, அதற்கடுத்த வருஷங்களிலும் தாண்டவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு முகாமிலும் யாராவது இரண்டு பேர் மேசைக்குக் குனிந்து, தணிந்த குரலில் ஒரு குறிப்பிட்ட தேதியைக் கேட்பது வழக்கமாயிற்று. பெண் கல்யாணமாகிப் போவதற்கு முந்தைய வருஷம் வேண்டும் என்றார் ஒரு தகப்பன். மாமியார் வந்து சேர்ந்ததற்கு முந்தைய மாதம் போதும் என்றாள் ஒரு மருமகள். அவளிடம் நாயே இல்லை. ஒயிட்னர் அட்டையில் கேட்டதை எழுதினாள், பதிவேட்டில் உண்மையை எழுதினாள். ஆவணப் பராமரிப்புத் தேர்வில் இரண்டு முறை தோற்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் நாட்குறிப்பில் எழுதியது இது: "மார்ச் 30. தவறு: சாவிக்காரர் வீட்டு அட்டையில் என் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போயிருக்கிறது. நாளைய வேலை: அத்தை, இறப்புச் சான்றிதழ் விஷயமாக ஆபீசுக்குப் போவதால், கடைச் சாவியை அவரிடமிருந்து ஏழரைக்கே வாங்கிக்கொண்டு, எட்டரைக்குள் ஷட்டரைத் தூக்கி வைக்க வேண்டும். சாவிக்காரரும் நாயும் வெளியே நிற்கக் கூடாது."